வேன் பேசுவதற்கு முன்

எங்கள் பக்கத்தில் வேன் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பஞ்சாங்கம்தான் முடிவு செய்கிறது. திருச்சி மாவட்டத்தின் துறையூர், முசிறி, தா.பேட்டை என்று எந்த ஊர் ஸ்டாண்டில் விசாரித்தாலும் சுற்றுலா வேன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வைகாசியிலோ ஆவணியிலோ தையிலோ ஒரு வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தால் போதும், மண்டபங்கள் பதிவாகும் வாரத்திலேயே வட்டாரத்து வண்டிகளும் பதிவாகிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லையே, வண்டி சும்மாதானே நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆடி முழுக்கக் குலதெய்வக் கோயில்களும் அம்மன் கோயில்களும் இருக்கின்றன. கார்த்திகை பிறந்தால் மகரவிளக்குவரை சபரிமலை, இடையிலேயே மேல்மருவத்தூர், அதன் வால் பிடித்துப் பழனி. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில்தான் வேன்காரர் நிதானமாக உட்கார்ந்து பேசுவார்.

எங்கள் பங்காளிகள் வகையில் வண்டி பேசும் வேலை என் தலையில் விழுந்து அப்படியே தங்கிவிட்டது. மண்டபம் பார்க்கப் பெரியப்பா, சமையல்காரரிடம் பேச மாமா, வண்டிக்கு நான். ஊர்க்காரர்கள் வண்டி பேசும் முறை ஒன்றே ஒன்றுதான். போனை எடுத்ததும் "கொல்லிமலை போய்வர எவ்வளவு?" என்று கேட்பார்கள். வண்டிக்காரர் ஒரு தொகை சொல்வார். "என்னங்க இப்படிச் சொல்கிறீர்கள், பக்கத்து ஊர்க்காரர் ஆயிரம் குறைத்துத்தானே சொன்னார்" என்பார் இவர். ஆயிரம் குறையும், பேச்சு முடிந்துவிடும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த வழி, இரவு எங்கே தங்கல், ஓட்டுநர் எப்போது தூங்குவார், ஒன்றும் பேசப்பட்டிருக்காது. வண்டிக்காரர் அந்த ஆயிரத்தை எதிலிருந்தாவது எடுத்தாக வேண்டும். தவணை குறையாது, இருக்கைக் கணக்கில் கட்டும் காலாண்டு வரி குறையாது, காப்பீடு குறையாது, டீசல் குறையாது. மிஞ்சுவது டயரும் ஓட்டுநரும். தேய்ந்த டயர் இன்னும் ஒரு சீசன் ஓடும். நேற்றிரவு திருச்செந்தூரிலிருந்து திரும்பிய ஓட்டுநர் இன்று விடியற்காலை நம் வீட்டு வாசலில் நிற்பார். அதனால் வாடகையைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இதற்கு இன்னும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

முதலில் வேண்டியது ஆள் கணக்கு. "எங்கள் வீட்டில் நாலு பேர்" என்று சொல்பவரை விட்டுவிடக் கூடாது, பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் கேட்கும்போதுதான் நாலு பேரில் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து நேரே மண்டபத்துக்கு வருகிறார், ஒருவர் பைக்கில் போகிறார், கணக்கிலேயே வராத மாமியார் ஒருவர் கூட வருகிறார் என்பதெல்லாம் வெளியே வரும். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தாய்மார்கள் சொல்வதை அன்பாக மறுத்துவிட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை கிளம்பும்போது மடியில் உட்காரும், பத்தாவது கிலோமீட்டரில் ஜன்னலோரம் கேட்கும்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் எழுதியிருக்கும் இருக்கைக்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். 200 ரூபாய்க்கு இங்கே யாரும் பயப்படப் போவதில்லை. அதே பிரிவில் அடுத்து வரும் வரிக்குத்தான் பயப்பட வேண்டும்: அதிகப்படி ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை அந்த வண்டி நகரக் கூடாது. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை என்று பத்திரிகையில் அச்சடித்திருக்கும்போது, ஐந்தேகால் மணிக்கு நாமக்கல் புறவழிச் சாலையில் மாற்று வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது?

பக்கத்து ஊர்க் கல்யாணங்களுக்கு எல்லோரையும் வேனில் ஏற்றும் வழக்கத்தையே விட்டுவிட்டோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அத்தைகளும் சித்திகளும் அந்தப் பஸ்ஸில் கூட்டமாகப் பேசிக்கொண்டு போவதையே விரும்புகிறார்கள். வேனை முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் சீர்வரிசைத் தட்டுகளுக்கும் ஒதுக்கினால் ஒரே வண்டியில் வேலை முடிகிறது.

பெயர்ப் பட்டியல் வெளி மாநிலம் போகும்போதும் கைகொடுக்கும். அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டில் ஓடும் வண்டி பயணிகளின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. திருப்பதிக்கோ சபரிமலைக்கோ போகும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் ஓட்டுநர் அதைத் தேடிக்கொண்டு நிற்க, உள்ளே இருப்பவர்கள் "ஏன் வண்டி நிற்கிறது?" என்று பின்னாலிருந்து ஆளுக்கொரு தடவை கேட்பார்கள். பட்டியலை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

வண்டிகளில் எங்கள் பக்கம் கிடைப்பவை மூன்று அளவு. 12 பேரிலிருந்து 17, 18 பேர்வரை அமரும் டெம்போ டிராவலர் முதலாவது. 20-லிருந்து 30 பேர்வரை ஏற்றும் ஸ்வராஜ் மஸ்தா, ஈச்சர் வகை வண்டிகள் அடுத்தது. 50 பேர் அமரும் பெரிய பஸ் மூன்றாவது. இதில் பாதிக்கு மேல் கரூரில் கூண்டு கட்டியவையாக இருக்கும். பெரிய பஸ்ஸில் இருக்கை எண்ணிக்கை மட்டும் கேட்டால் போதாது. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு என்று போட்டிருக்கிறார்களா, இரண்டு பக்கமும் இரண்டா என்று கேட்க வேண்டும். மூன்று பேர் இருக்கையில் நடுவில் சிக்கியவர் தூத்துக்குடிவரை போய்த் திரும்பினால், அடுத்த பயணத்துக்கு அவரைக் கூப்பிட்டால் வரமாட்டார்.

ஐம்பது பேருக்கு ஒரு பெரிய பஸ்ஸா, இரண்டு சிறிய வண்டிகளா என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒரே பஸ் என்றால் ஆளுக்கு விழும் செலவு குறையும், எல்லோரும் ஒன்றாகப் போகலாம், பாட்டு ஒன்றுதான். கல்யாணத்துக்கு நான் இரண்டு சிறிய வண்டிகள் பக்கம். இரவு வரவேற்பு முடிந்து ஒன்பதரைக்குக் கிளம்ப நினைக்கும் பெரியவர்களும், பதினொன்றரைவரை மண்டப வாசலில் கதை பேசும் இளவட்டங்களும் ஒரே பஸ்ஸில் ஏறினால் இரண்டு தரப்பும் மனத்தாங்கலோடுதான் வீடு சேரும். ஒரு வண்டி பஞ்சரானாலும் மணமகள் இன்னொன்றில் போய்ச் சேர்ந்துவிடுவாள். நீண்ட தூரக் கோயில் பயணத்துக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே இரண்டு வண்டி என்றால் ஒன்று மற்றொன்றுக்காக டீக்கடை டீக்கடையாகக் காத்து நிற்கும்.

இதையெல்லாம் தாண்டி, கிராமத்தில் வண்டியின் அளவைக் கடைசியில் தீர்மானிப்பது பாதை. எங்கள் ஊருக்குள் வருவது ஒற்றைத் தார்ச்சாலை, அகலம் நாலு மீட்டரைத் தொடாது. பெரிய பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டருக்கு மேல், நீளம் 12 மீட்டர்வரை இருக்கும். எதிரே சின்ன வெங்காயம் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தால் இருவரில் ஒருவர் வயலில் இறங்க வேண்டும், மழைக்காலத்தில் இறங்கியவர் ஏற மாட்டார். தலைக்கு மேலே வீட்டுக்கு வீடு இழுத்த மின்கம்பிகளும் கேபிள் டி.வி. கம்பிகளும் தொங்குகின்றன. சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேலம் குடை பிடிக்கிறது. பஸ்ஸின் பக்கவாட்டு வண்ணப்பூச்சை அது கீறிவிட்டால் வண்டிக்காரர் வாடகையோடு சேர்த்துக் கேட்பார், கேட்பதில் நியாயமும் உண்டு. எல்லாவற்றையும் சமாளித்து உள்ளே வந்தாலும் திருப்ப இடம் வேண்டுமே. எங்கள் ஊரில் அந்த இடம் மாரியம்மன் கோயில் திடல். அங்கே நெல் காயப்போட்டிருந்தால் அதுவும் இல்லை.

ரயில் பாதை குறுக்கிடும் ஊர்களில் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. அகல ரயில் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. உயிர்கள் தப்பின, நல்ல காரியம். ஆனால் பல ஊர்களில் அதற்குப் பதிலாக வந்தது தாழ்ந்த சுரங்கப்பாதை. காரும் வேனும் புகுந்துவிடும், மேலே சாமான் கட்டிய பஸ், சுரங்கப்பாதை முகப்பிலிருக்கும் உயரத் தடுப்புக் கம்பியோடு நின்றுவிடும். ஐப்பசி மழைக்கு அங்கே இடுப்பளவு தண்ணீர். கூகுள் வரைபடம் அதைப் பாதை என்றே காட்டும். உள்ளூரில் பால் வண்டி ஓட்டுபவரை ஒரு வார்த்தை கேட்பதே மேல்.

ஆக, பெரிய வண்டி என்றால் அதை ஊருக்குள் கூப்பிடுவதில்லை. பிரதான சாலை விலக்கில் நிறுத்திவிட்டு, ஆட்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறோம். "எங்கள் தெரு வாசலுக்கு வராத வண்டி என்ன வண்டி?" என்று கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஷேர் ஆட்டோ. அந்த ஆட்டோவின் கூலி, பஸ் உள்ளே வந்து சிக்கிக்கொண்டால் போகும் ஒரு மணி நேரத்தைவிட மலிவு.

பாதை விஷயத்தில் கொல்லிமலை தனி அத்தியாயம். எங்கள் வகையில் பலருக்குக் குலதெய்வம் அங்கேதான். துறையூரிலிருந்து பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், புளியஞ்சோலை அதன் அடிவாரம்தான். ஆனால் நாங்கள் வண்டியேறும் பாதை நாமக்கல், சேந்தமங்கலம் சுற்றிக்கொண்டு காரவள்ளிக்குப் போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் எட்டுக்கை அம்மனுக்கும் அரசுப் பேருந்து ஏறுகிறதே, நம் பஸ் ஏறாதா என்று கேட்பார்கள். அங்கே ஏறுவது மலைக்கென்று விடும் குட்டையான பேருந்து, ஓட்டுநரும் அந்த வளைவுகளில் தினமும் ஏறி இறங்குபவர். 12 மீட்டர் சுற்றுலாப் பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், மறுபடி பின்னுக்கு வந்து திரும்புவதற்குள் கீழே பத்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். கொல்லிமலைக்கு டெம்போ டிராவலர், மிஞ்சினால் 21 இருக்கை வண்டி. இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

மலைக்கு வண்டி பேசும்போது ஓட்டுநரிடமே நேராக இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன்: மலையில் இதற்கு முன் ஓட்டியிருக்கிறீர்களா? இறங்கும்போது எந்த கியரில் இறங்குவீர்கள்? ஏறிய கியரிலேயே இறங்குவேன் என்று பதில் வந்தால் நிம்மதி. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவரின் வண்டியில் பாதி வழியில் கருகல் வாடை வரும், பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மலையில் பழகியவர்கள் அதை விதி என்று நினைக்காமலே செய்கிறார்கள். நாளும் பார்க்க வேண்டும். ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டு நாளில் கிடா வெட்டித் திரும்ப நினைப்பவர் மலைப்பாதையிலேயே பொழுதைக் கழிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்துவிட்டது, கிளம்பும் முன் அதையும் யார் எடுப்பது என்று முடிவாக வேண்டும். சபரிமலைக்குப் போகும் பெரிய வண்டிகள் நிலக்கல்லோடு நின்றுவிடும், பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துதான். வயதான சாமிகளுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது வாடகைக்கு வரலாம். எங்கள் பக்கம் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று உள்ளூர் கல்யாணத்துக்கான மொத்த வாடகை. டீசல் உள்பட இவ்வளவு என்று பேசி முடிப்பது. மற்றொன்று கிலோமீட்டர் கணக்கு. இதில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். நீங்கள் 140 கிலோமீட்டர் ஓடினாலும் 250-க்குத்தான் பணம். கிலோமீட்டர் உங்கள் வீட்டு வாசலில் தொடங்காது, வண்டி நிற்கும் ஷெட்டில் தொடங்கி ஷெட்டில் முடியும். ஷெட் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போகவரவே 40 கிலோமீட்டர் காலி ஓட்டம் உங்கள் கணக்கில் விழும். இது ஏமாற்று வேலை இல்லை, டீசல் காலி வண்டிக்கும் எரிகிறது. ஆகவே நூறு ரூபாய் குறைத்துச் சொல்லும் திருச்சி வண்டியைவிடத் துறையூர் வண்டி பெரும்பாலும் மலிவாக முடியும். ஓட்டுநரின் நாள்படியான பேட்டா, டோல், பார்க்கிங், பெர்மிட் ஆகிய நான்கும் வாடகைக்கு உள்ளேயா வெளியேயா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். டோலில் மினி பஸ்ஸுக்கு ஒரு கட்டணம், பெரிய பஸ்ஸுக்கு அதைவிட மிக அதிகம். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரு வழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று சமயபுரம் சுங்கச்சாவடியில் நின்று விசாரிப்பது அழகல்ல.

"ஒரு நாள்" என்றால் என்ன என்பதில்தான் அதிகச் சண்டை. மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பி, மறுநாள் பகல் பன்னிரண்டுக்குத் திரும்பினால் 20 மணி நேரம். நமக்கு அது ஒரு நாள். தேதிக் கணக்குப் பார்க்கும் வண்டிக்காரருக்கு இரண்டு நாள், இரண்டு பேட்டா, இரண்டு குறைந்தபட்சம். இரண்டு கணக்கும் தொழிலில் இருப்பவைதான். எது என்று பேசாமல் விட்டால், மண்டபத்து வாசலில் சம்பந்திகள் பார்த்திருக்கத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் இப்போதெல்லாம் பேசி முடித்ததும் புறப்பாடு, திரும்பல், வழி, தொகை, அட்வான்ஸ், எது உள்ளே எது வெளியே என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன். "சரிங்க அண்ணா" என்று பதில் வந்தால் போதும், அதுவே ஒப்பந்தம்.

காகிதங்களை எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவநம்பிக்கை என்று நினைப்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை. வண்டி எண் இருந்தால் எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, காப்பீடு எந்தத் தேதிவரை என்று பார்த்துவிடலாம். எட்டு வயதாகும்வரை வாடகை வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் ஆண்டுதோறும். நம்பர் பலகை மஞ்சளா வெள்ளையா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "நம் பையன் வண்டிதான், டீசல் மட்டும் போட்டால் போதும்" என்று வரும் வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகைக்கு ஓடும் பெர்மிட் கிடையாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களின் முன் வரிசையாக நிற்கும் பள்ளி வேன்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். கல்வி நிறுவனப் பேருந்து மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றிச் செல்வதற்கு மட்டும் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. முறையாகச் செய்ய வழிகள் இல்லாமல் இல்லை. வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸையும் தனி பெர்மிட் வாங்கிக் கல்யாணத்துக்கு எடுக்கலாம், அரசுப் போக்குவரத்துக் கழகமும் ஒப்பந்த வாடகைக்குப் பேருந்து தருகிறது.

எல்லாவற்றிலும் மோசம் குட்டி யானை என்னும் சிறிய சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் இன்றைக்கும் நடக்கிறது. தொட்டியில் தார்ப்பாய் விரித்து, கைப்பிடி எதுவும் இல்லாமல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். வேன் வாடகையில் பாதிகூட ஆகாது என்பதுதான் ஒரே காரணம். சரக்கு வண்டியில் ஏறிச் செல்லும் ஆட்களுக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வளைவில் கவிழ்ந்தால் அந்தத் தொகை முழுக்க வண்டிக்காரர் தலையில். வண்டிக்காரரிடம் இருப்பது அந்த வண்டி மட்டுமே.

குட்டி யானைக்கு உண்மையான வேலை ஒன்று உண்டு. குலதெய்வப் பயணத்தில் அண்டா, அடுப்பு, விறகு, அரிசி மூட்டை, வாழை இலைக்கட்டு, கிடா ஆகியவை அதில் போகட்டும். வேன் மேல் அண்டாவைக் கட்டி, கடைசி இருக்கைக்குப் பின்னால் கிடாவைத் திணித்து, அவசர வழிக் கதவின் முன்னால் அரிசி மூட்டையைச் சாத்திவைக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கிடாவுக்கும் அது சுகப்படுவதில்லை. முக்கியமாக கேஸ் சிலிண்டர். ஆட்கள் இருக்கும் வண்டிக்குள் அது ஏறவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள், உள்ளே சிலிண்டரோடு பயணம் செய்திருந்தார்கள். "நாங்கள் என்ன உள்ளேயா பற்றவைக்கப் போகிறோம்?" என்று என்னிடம் கேட்கும் சித்தப்பாவுக்கு இந்தச் சம்பவத்தைச் சொன்ன பிறகு சிலிண்டர் தனி வண்டிக்குப் போயிற்று.

ஓட்டுநரின் தூக்கத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு கல்யாண ஓட்டத்தை மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். பகல் மூன்றுக்கு ஷெட்டிலிருந்து கிளம்புகிறார். நான்குக்கு ஊர், ஐந்தரைக்கு மண்டபம். விட்டுப்போன ஆட்களுக்காக மறுபடி ஊர், மறுபடி மண்டபம். பத்தரைக்குப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினால் பன்னிரண்டு. காலை முகூர்த்தத்துக்கு மூன்றரைக்கே எழுப்பிவிடுவோம். முகூர்த்தம், பந்தி, மொய், போட்டோ எல்லாம் முடிந்து எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு அவர் ஷெட்டுக்குத் திரும்பும்போது மறுநாள் பகல் மூன்று. 24 மணி நேரத்தில் அவருக்குத் தூங்கக் கிடைத்தது மூன்று மணி நேரம், அதுவும் வண்டிக்குள், கொசுக்கடியில்.

2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. நீண்ட தூர ஓட்டத்துக்கு அனுமதியோடு பத்து மணி நேரம். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடையில் அரை மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து வேலை நாளின் நீளம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. இந்தச் சட்டம் எங்கள் வட்டாரத்து வேன் ஸ்டாண்டுவரை வந்து சேரவில்லை. ஓட்டுநரே உரிமையாளராக இருக்கும் வண்டியில் அவரை யார் தடுப்பது? முகூர்த்தம் ஆண்டில் சில நாள்தான், தவணை மாதா மாதம். வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் வாடகை கொடுக்கும் நாம்தான்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் செய்வது இவ்வளவே. பேசும்போதே முந்தின நாள் அவருக்கு எங்கே ஓட்டம் என்று கேட்கிறேன். இரவு ஓட்டம் இருந்தால் வேறு வண்டி பார்க்கிறேன், அல்லது மாற்று ஓட்டுநர் கேட்டு அவருடைய பேட்டாவையும் கொடுக்கிறேன். மண்டபத்தில் உறவினர்களுக்கு எடுக்கும் அறைகளோடு ஓட்டுநர்களுக்கு என்று ஒன்று. பாய், தலையணை, மின்விசிறி, சாவி அவர் கையில். இரவுப் பந்தியில் முதல் பந்தியிலேயே அவரை உட்காரவைத்துவிட வேண்டும். கடைசிப் பந்திக்குக் காத்திருந்தால் அவர் தூக்கத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. "டிரைவருக்கு அறையா?" என்று ஒரு தடவை பெரியப்பா கேட்டார். பேத்தியும் அந்த வண்டியில்தான் வருகிறாள் என்றேன். அடுத்த கல்யாணத்துக்கு அவரே அறை சொல்லிவிட்டார். கோயில் பயணங்களில் நள்ளிரவு தாண்டி ஓட்டம் கூடாது என்று வழியை வகுத்துவிடுகிறோம். இரவு பத்துக்குக் கிளம்பினால் விடிய விடியத் திருச்செந்தூர் போய்விடலாம், தங்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டு வருவார்கள். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துவரை தூங்கக் கூடாதவர் வண்டியில் ஒருவர் மட்டும், அவருக்குத்தான் அப்போது கண் சொருகும்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் பயணத்தைக் கெடுப்பவை அவைதான். டெம்போ டிராவலரின் முதல் படி உயரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு மர முக்காலி கொண்டுபோக வேண்டும். வாந்தி வருபவர்களை முன்னால் உட்காரவைத்து, எலுமிச்சம்பழமும் பையும் கையில் கொடுத்துவிட வேண்டும். மலைக்குப் போகும் அன்று காலையில் பொங்கல், வடை வேண்டாம், இட்லி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பிடம் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் நிறுத்த வேண்டும். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்வார்கள். பெண்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், சாயங்காலம் தலைவலி என்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை அத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன், அவர் சொன்னால் வண்டி நிற்கும். புறப்படும் நேரத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி பொய் சொல்வதும் உண்டு. ஐந்து மணி வண்டியை நாலரை என்று சொன்னால் ஐந்தேகாலுக்காவது கிளம்பலாம்.

கடைசியாகப் பங்கு பிரிப்பது. கோயில் வரியைப் போல வண்டிச் செலவையும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. எட்டுப் பேர் வரும் வீட்டுக்கும் கணவனை இழந்து தனியாக வரும் அத்தைக்கும் ஒரே தொகை. இப்போது இருக்கைக் கணக்கு. பத்து வயதுக்குக் கீழே அரைப் பங்கு, மடிக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு அன்று காலை வராதவர்களும் கொடுக்க வேண்டும், அவர்கள் இருக்கை காலியாகத்தானே போய்வந்தது. பணத்தைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். திரும்பிய பிறகு பங்காளியிடம் வசூலிப்பது பங்குச் சண்டையாகிவிடும். போன ஆடியில் ஒருவர் திரும்பும் வழியில் நாமக்கல்லிலேயே மகள் வீட்டுக்கு இறங்கிக்கொண்டு, மிச்ச தூரத்துக்கான காசைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை.